கேள்வி உங்களுடையது: பிடிப்பவரின் பெயர்

கேள்வி: என் மகன் ஊர்க் கபடிக் குழுவில் பிடிப்பவனாக ஆடுகிறான். பாடிப் போகிற பையன்களுக்குத்தான் பரிசும் பேரும் கிடைக்கின்றன, தன்னை யாரும் கண்டுகொள்வதில்லை என்று வருந்துகிறான். தடுத்து ஆடியே பெரும்பெயர் எடுத்தவர் உலகில் யாராவது உண்டா?
– ஒரு தாய், வீரவநல்லூர்

பதில்: உண்டு அம்மா. அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஆலன் பேஜைப் பற்றி உங்கள் மகனிடம் சொல்லுங்கள். பெயர் கால்பந்து என்றாலும், அது பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடுகிற ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணியின் 11 பேர் நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜ தூரமாவது முன்னேற வேண்டும். அவர்களை முன்னேறவிடாமல் மறிப்பதற்கென்றே எதிரணியில் தனி ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுடைய கைக்குப் பந்து வருவதே அரிது. 1967-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்த பேஜ், அந்தத் தடுப்பு வரிசையின் நடுப்பகுதியில், டிஃபென்சிவ் டாக்கிள் என்னும் இடத்தில் ஆடினார். அவரும் கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகிய மூவரும் சேர்ந்து நின்ற வரிசைக்கு, அணியின் ஊதாச் சட்டையை வைத்து, 'ஊதா ஆள்விழுங்கிகள்' என்று பொருள்படும் பட்டப்பெயரே இருந்தது.

சென்ற பொங்கலுக்குச் சேரன்மகாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்த கபடியைப் பார்த்தேன். இடது ஓரத்தில் நின்ற பையன், பாடி வந்தவனுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனுடைய பின்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்து, அது தரையில் முழுதாக ஊன்றிய நொடியில் கணுக்காலைப் பூட்டிவிட்டான். பேஜின் ஆட்டமும் இப்படித்தான். ஏறத்தாழ 111 கிலோ எடை என்பது அவர் ஆடிய இடத்துக்குப் பெரிய எடை அன்று. ஆனால் பந்து அசைந்த அதே கணத்தில் அவரும் பாய்ந்துவிடுவதால், தம்மை மறிக்க வேண்டிய எதிரணிக்காரர் நிமிர்வதற்குள் அவரைக் கடந்திருப்பார். 1971-இல் அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம் வழங்கும், அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்.-இன் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. அதன்பின் 1986-இல் லாரன்ஸ் டெய்லர் பெற்றார்.

சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியில் பேஜ் நான்கு முறை ஆடியும் நான்கிலும் அவருடைய அணி தோற்றது என்பதையும் உங்கள் மகனிடம் மறைக்க வேண்டாம்.

கேள்வி: ஆலன் பேஜ் பின்னாளில் நீதிபதியானார் என்று கேள்விப்பட்டேன். ஆடிக்கொண்டே சட்டம் படிக்க முடியுமா?
– சட்ட மாணவர், பாளையங்கோட்டை

பதில்: அவருக்கும் முதல் முயற்சியில் முடியவில்லை. ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே விலகியவர், சில ஆண்டுகள் கழித்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மறுபடி சேர்ந்து, ஆட்டத்தை விடாமலே 1978-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு வைக்கிங்ஸ் அணி அவரை விடுவித்தது. நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபட்டு உடல் எடையைக் குறைத்திருந்த அவர் முன்போல் ஆட முடியாது என்று அவர்கள் கருதினார்கள். அவரோ சிகாகோ பேர்ஸ் அணிக்குப் போய் 1981 வரை ஆடினார். இடையில் 1979-இல் ஒரு முழு மாரத்தானையும் ஓடி முடித்தார். அந்தக் கணிப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன்.

பின்னர் வழக்கறிஞராகவும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் பணியாற்றி, 1992-இல் மினசோட்டா உச்ச நீதிமன்றத்துக்கு மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர்தான். 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதிப்படி 2015-இல் விலகினார்.

எனக்கு இவர் வாழ்வில் மிகவும் பிடித்த பகுதி கேன்டன் என்ற ஊரோடு தொடர்புடையது. ஒஹையோ மாநிலத்திலுள்ள அந்த ஊர்தான் அவர் பிறந்த ஊர்; தலைசிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பெருமைப்படுத்தும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றமும் அங்கேதான் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அந்தக் கட்டடம் எழும்பியபோது, பள்ளி மாணவனாயிருந்த பேஜ் அங்கே கூலி வேலை பார்த்தார். 1988-இல் அதே மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்தபோது, தம்மை அறிமுகப்படுத்த அவர் பயிற்சியாளர் யாரையும் அழைக்கவில்லை, மினியாபோலிஸ் நகரப் பள்ளியொன்றின் தலைமையாசிரியையை அழைத்தார். அவ்வாண்டே மனைவி டயானுடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். அதன் உதவித்தொகையில் கல்லூரியில் படிப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்து உதவ வேண்டும்.

கேள்வி: எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறிவதற்கு முன்பே வீழ்த்துவதைச் 'சாக்' என்கிறார்கள். அதிகாரபூர்வமான சாக் பட்டியலில் ஆலன் பேஜின் பெயரே இல்லையே, ஏன்?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: என்.எஃப்.எல். அதை ஆட்டக்காரர்வாரியாக அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கியது 1982-இல். பேஜ் ஓய்வு பெற்றதற்கு மறு ஆண்டு. பிற்காலத்தில் பழைய ஆவணங்களைப் புரட்டி எண்ணிய ஆய்வாளர்கள் அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சாக்குகளைக் கண்டார்கள். வீரவநல்லூர் அம்மாவுக்கும் இதையொட்டி ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆட்டத்திலிருந்து உங்கள் மகன் பிடித்த பிடிகளைத் தேதியோடும் எதிரணியின் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.