நல்லவள் ஏன் அழுதுகொண்டே இருக்கிறாள்?

கேள்வி: ஈரோட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். என் மாமியாருக்கு 66 வயது. மாமனார் இறந்த பிறகு, மாலை ஆறரைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளும் வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்துவிடுகிறாள். போன வாரம் சாப்பிடும்போது, "ஏம்மா, சீரியலில் நல்லவள் எப்போது பார்த்தாலும் அழுதுகொண்டே இருக்கிறாள், கெட்டவள் மட்டும் தைரியமாகப் பேசுகிறாளே, ஏன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேபிளை நிறுத்திவிட்டு ஓ.டி.டி. மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அவர் பார்க்கும் வெப் சீரிஸ்களிலோ கொலையும் கெட்ட வார்த்தையும்தான். அத்தை எட்டாவதோடு படிப்பை நிறுத்தப்பட்டவர். கதை என்றால் உயிர். அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கேபிள் விஷயத்தை முடித்துவிடுவோம். நிறுத்தாதீர்கள். கணவரை இழந்த ஒரு பெண்மணிக்குப் பொழுது சாயும் நேரம்தான் மிகவும் கனமானது. அந்த நேரத்தில் சொன்ன மணிக்குத் தவறாமல் வீட்டுக்குள் வந்து பேசுகிற மனிதர்கள் உங்கள் அத்தைக்கு சீரியலில்தான் இருக்கிறார்கள். நேற்று நடந்தது அவருக்குத் தெரியும். நாளை என்ன ஆகும் என்று யோசிக்க ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையில் இருக்கும்போது அவருக்குக் கிடைத்த துணை அது. மாற்று எதையும் கொடுக்காமல் அதைப் பறிப்பது கொடுமை. இதை உங்கள் கணவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய அம்மா அல்லவா, புரிந்துகொள்வார்.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். சீரியல்களைப் பற்றிப் பெரியவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தப் பெண் ஒரே வரியில் மையத்தைத் தொட்டுவிட்டாள். அதற்கு உண்மையான பதில் உண்டு. அதை அவளிடம் அப்படியே சொல்லலாம். பதின்மூன்று வயதுக்குத் தாராளமாகப் புரியும்.

தினசரித் தொடர் என்பது முடியக்கூடாது என்பதற்காகவே கட்டப்படும் கதை. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு அரை மணி நேரம். விளம்பரம் போக ஏறக்குறைய இருபது நிமிடம்தான் கதைக்கு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் டி.ஆர்.பி. எண்கள் வருகின்றன. ஒரு சண்டைக்கு நல்ல எண் கிடைத்தால் அந்தச் சண்டை இன்னும் மூன்று வாரம் நீளும். கிடைக்காவிட்டால் கதை திசை மாறும். இப்படி ஓடும் கதையில் நல்லவள் திங்கட்கிழமை வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமைக்குக் கதை இருக்காது. அதனால் அவள் பேச வேண்டிய இடத்தில் மயங்கி விழுகிறாள், அல்லது ஃபோன் அடிக்கிறது, அல்லது 'குடும்ப மானம்' என்று உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். ஆனால் யாராவது ஒருவர் எதையாவது செய்தால்தானே கதை நகரும்? அந்த வேலை கெட்டவளிடம் போகிறது. அவள் திட்டம் போடுகிறாள், கதவைத் தட்டுகிறாள், எதிர்த்துக் கேட்கிறாள். தைரியம் முழுவதும் அவள் பங்குக்கே போய்விடுகிறது.

அதாவது, நல்லவள் அழுவது அவள் நல்லவள் என்பதால் இல்லை. தொடர் நாளைக்கும் ஓட வேண்டும் என்பதால். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை பாட்டியோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தாலும், அந்த அழுகையைப் பெண்ணின் இலக்கணமாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

எதைப் பார்ப்பது என்பதற்கும் அவள் கேள்வியையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நல்லவள் பேசுகிறாளா? பேசிய பிறகு ஏதாவது மாறுகிறதா? சீரியல் மட்டம், வெப் சீரிஸ் உசத்தி என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டிலும் இரண்டு வகையும் இருக்கின்றன.

விஜய் டி.வி.யில் 2023இல் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை'யை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தை பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். பூக்கட்டி விற்கும் மீனா, டாக்சி ஓட்டும் முத்து. பணக்கார வீட்டுப் பெண் என்று நம்பி மருமகள் ரோகிணியைத் தலையில் வைத்துக் கொண்டாடும் மாமியார் விஜயா, மீனாவை வீட்டு வேலைக்கு வந்தவள்போல் நடத்துகிறார். வருமானத்தை வைத்து ஒரே வீட்டுக்குள் மருமகள்களைத் தரம் பிரிப்பது நாம் எல்லோரும் நேரில் பார்த்தது. மீனா பூ கட்டுவதை இந்தத் தொடர் ஒரு தொழிலாகக் காட்டுகிறது, பரிதாபமாகக் காட்டவில்லை. முத்துவும் மீனாவும் ஒருவருக்கொருவர் பரிந்து பேசும் காட்சிகளில் மனதுக்கு இதமான உண்மை இருக்கிறது. ஆனால் ரோகிணியின் முதல் கல்யாணமும் அவளுடைய மகன் கிரிஷும் தெரியவரும் தருணம் எத்தனை முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனது! நான் மேலே சொன்ன நோய் அங்கேயும் உண்டு. இருந்தாலும் மாலையில் ஒரு சீரியலைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைச் சொல்வேன்.

'எதிர்நீச்சல்' பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளின் கேள்வி அதற்குத்தான் மிகவும் பொருந்தும். சன் டி.வி.யில் 2022 பிப்ரவரியில் தொடங்கியது. 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வம்தான் இதற்கும் இயக்குநர். படித்த பெண்களாகத் தேடித் தம்பிகளுக்குக் கட்டிவைத்து, அதே பெண்களை அடுப்படியோடு நிறுத்திவிடுகிற ஆதி குணசேகரன். அந்த வீட்டில் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு மருமகள்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் கவிழ்க்கவில்லை என்பதுதான் அந்தத் தொடர் செய்த பெரிய காரியம். சமையலறையில் கூடி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, நால்வரும் அந்த வீட்டைப் பற்றிப் பேசும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். நந்தினியின் கிண்டலில் எவ்வளவு கோபம் அடங்கியிருக்கிறது! ஓரகத்திகள் என்றாலே சூழ்ச்சிக்காரிகள் என்று பழக்கப்பட்டிருந்த நமக்கு அது புதிது.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து, "இந்தாம்மா ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டால், அப்படி ஒரு அதட்டலுக்குக் கீழே வாழ்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் முதுகு நிமிர்ந்திருக்கும். 2023 செப்டம்பர் 8 அன்று அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்து அவர் காலமானார். பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். நல்ல கலைஞர்தான், ஆனாலும் தொடரின் நாடி தளர்ந்துவிட்டது. அதற்கு முன்பே, குடும்பச் சொத்தில் அப்பத்தாவுக்கு இருந்த 40 சதவீதப் பங்கு யாருக்கு என்பதிலேயே கதை மாதக்கணக்கில் சுற்றத் தொடங்கியிருந்தது. 2024 ஜூனில் முடித்தார்கள், அதே ஆண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி தொடங்கினார்கள். என் கருத்தைக் கேட்டால், முதல் பகுதியின் முதல் ஆண்டு போதும். சன் நெக்ஸ்டில் விளம்பரத் தொல்லை இல்லாமல் எடுத்துப் பார்க்கலாம். அத்தையும் பேத்தியும் சேர்ந்து பார்க்கட்டும். நடுநடுவே நீங்களும் போய் உட்காருங்கள். ஜனனி எதிர்த்துப் பேசும் இடத்தில் அத்தை என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவள் பக்கம் பேசுவாரா, திட்டுவாரா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள்.

பழையதில் ஒன்றே ஒன்று, 'மெட்டி ஒலி'. திருமுருகன் இயக்கி 2002 முதல் 2005 வரை வந்தது; ஊரடங்கு காலத்தில் சன் டி.வி. மறுபடி ஒளிபரப்பியது. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு அப்பாவின் கதை. அதிலும் கண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அந்தக் கண்ணீருக்குப் பின்னால் வரதட்சணை, கடன், தங்கையின் கல்யாணம் என்று எண்ணிச் சொல்லக்கூடிய காரணங்கள் இருந்தன. மாத்திரை மாற்றிவைப்பது, அடியாள் வைப்பது என்று போகவில்லை. உங்கள் அத்தை அதை ஏற்கெனவே பார்த்திருப்பார். பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டே மறுபடி பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

விட வேண்டியது எது என்று கேட்டீர்கள். பெயர் சொல்லிப் பட்டியல் போடுவதைவிட ஒரு வழி சொல்கிறேன். ஒரு சீரியலை ஒரு வாரம் பார்க்காமல் இருந்துவிட்டு அடுத்த திங்கட்கிழமை பாருங்கள். யாரும் கதை சொல்லாமலே உங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டால் அந்த வாரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று பொருள். அதைத் தயங்காமல் விடலாம். அத்தையிடம் இதைக் கட்டளையாகச் சொல்லாதீர்கள். "அத்தை, இந்த வாரம் அந்த நேரத்தில் என்னோடு வேறு ஒன்று பாருங்கள்" என்று கேட்டால் போதும். குழந்தைக்கு விஷம் வைப்பதையும் கர்ப்பிணியைப் படியில் தள்ளுவதையும் வாராவாரம் காட்டும் தொடர்களை மட்டும் மகள் முன்னால் வேண்டாம் என்று உறுதியாகவே சொல்லுங்கள். பேத்திக்காக என்றால் எந்தப் பாட்டியும் ஒத்துக்கொள்வார்.

ஓ.டி.டி. பக்கம் வந்தால், கணவரின் ரசனையைக் குறை சொல்ல மாட்டேன். 2022இல் வந்த 'விலங்கு', 'சுழல்', 'வதந்தி' மூன்றும் எட்டு எபிசோடுக்குள் ஒரு கதையைத் தொடங்கி முடித்துக் காட்டியவை. தினசரித் தொடருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. 'சுழல்' ஒரு காணாமல்போன பெண்ணைத் தேடும் கதையை மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு பின்னியிருந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 'வதந்தி'யில், கொலையான ஒரு இளம்பெண்ணைப் பற்றி ஊரும் பத்திரிகைகளும் ஆளுக்கொரு கதை கட்டுகின்றன. பேசவே முடியாத பெண்ணுக்காக எல்லோரும் பேசுகிறார்கள். இவை நீங்களும் கணவரும் குழந்தை தூங்கிய பிறகு பார்க்க வேண்டியவை. 'சுழல்' குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தொடுவதால் மகளோடு பார்ப்பது இப்போது வேண்டாம்.

ஒரு வசதியைச் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஓ.டி.டி. தளங்கள் ஒவ்வொரு படைப்புக்கும் வயது வரம்பு காட்ட வேண்டும்: 7 வயதுக்கு மேல், 13க்கு மேல், 16க்கு மேல், பெரியவர்களுக்கு மட்டும் என்று. பூட்டு போடும் வசதியும் உண்டு. மகளுக்குத் தனி புரொஃபைல் வைத்து, 13 என்று வரம்பு போட்டுவிடுங்கள். கணவரின் தொடர்கள் அவள் பக்கத்தில் வராது.

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து பார்க்க வேண்டியது என்று ஒன்றைத்தான் சொல்வேன்: 'அயலி'. முத்துக்குமார் இயக்கி 2023 ஜனவரியில் ஜீ5இல் வந்தது. மொத்தம் எட்டு எபிசோட். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு கிராமம், காலம் 1990. வயதுக்கு வந்த பெண் அதற்குமேல் பள்ளிக்கூடம் போகக் கூடாது, அயலி அம்மன் கோயிலுக்குள் நுழையக் கூடாது, கல்யாணம்தான் என்பது ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள். தமிழ்ச்செல்வியாக அபி நட்சத்திரா, அம்மா குருவம்மாளாக அனுமோள். ஊருக்குப் பயந்த அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாக மகளின் பக்கம் வந்து சேர்வதை அனுமோள் முகத்திலேயே படிக்கலாம். சிரிக்கவும் வைக்கும் தொடர் இது, பிரசங்கம் கிடையாது.

உங்கள் கடிதத்தில் 'படிப்பை நிறுத்தப்பட்டவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் நிறுத்தினார்கள், எப்போது, ஏன் என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா? பேத்தி இப்போது படிப்பதும் அதே எட்டாம் வகுப்புதான். இந்தத் தொடரைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு தானாக எழலாம், எழாமலும் போகலாம். நீங்களாகக் கிளறாதீர்கள். நடுவில் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டால் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் தொடருங்கள். மாதவிலக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் கதை என்பதால் முதல் இரண்டு எபிசோடுகளை நீங்கள் மட்டும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. உங்களிடம் ஜீ5 இல்லை என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். இரண்டு சனிக்கிழமைகளில் முடித்துவிடலாம்.

கடைசியாக உங்களுக்கு. கடிதம் முழுக்க மற்றவர்களுக்காகவே கேட்டிருக்கிறீர்கள். ஹாட்ஸ்டாரில் 2024இல் வந்த 'ஹார்ட் பீட்' பாருங்கள். ஒரு மருத்துவமனை, அங்கே பயிற்சி டாக்டராகச் சேரும் ரீனா. அங்கே தலைமை மருத்துவராக இருப்பவரே அவளைப் பெற்றுவிட்டு விலகிப்போன அம்மா. முதல் பகுதியிலேயே 100 எபிசோட். ஒவ்வொன்றும் அரை மணிக்குள் முடிந்துவிடும் என்பதால் துணி மடிக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். இதில் டாக்டர் ரதியாக வருபவரும் அனுமோள்தான். 'அயலி'யின் அம்மாவைப் பார்த்த கையோடு பார்த்தால், இரண்டு அம்மாக்களும் ஒரே நடிகை என்று நம்பச் சிரமமாக இருக்கும்.