ஒரே தொழிலை நம்பிய ஊர், அது நின்றுபோனால் எப்படிப் பிழைக்கிறது?

கோலார் தங்க வயலையே எடுத்துக்கொள்ளலாம். 1880 முதல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி சுரங்கம் நடத்திய ஊர். வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து போன தமிழர்கள்தான், பெரும்பாலும் தலித்துகள், பூமிக்கு அடியில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 1902-இலேயே காவிரிமேல் உள்ள சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. அப்புறம் தங்கத்தின் அளவு குறைந்தது, எடுக்கும் செலவு கூடியது. 2001 பிப்ரவரி 28-உடன் சுரங்கம் மூடப்பட்டது.

ஊர் காலியாகிவிடவில்லை. காரணம் ரயில்! தங்க வயலில் உள்ள மாரிக்குப்பம் நிலையத்தில் விடியற்காலை ஏறினால் பெங்களூரில் வேலை. இரவு வீடு திரும்பலாம். சுமார் நூறு கிலோமீட்டர்தான். பெங்களூரில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்களுக்கு இதுதான் வழி. தூக்கத்தில் பாதி ரயிலிலேயே போய்விடும், அது வேறு கதை. மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் அரசு நிறுவனமான பெமலின் தொழிற்சாலையும் ஓரளவு கைகொடுத்தது. ஆனால் சுரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அங்கே இடம் ஏது?

என் கணிப்பில், இப்படிப்பட்ட ஊர் தப்பிப்பது பெரும்பாலும் மறுவாழ்வுத் திட்டங்களால் அல்ல. எட்டும் தூரத்தில் வேறொரு வேலைச்சந்தை, அங்கே போய்வர மலிவான வண்டி, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் படிப்பு, இவை இருந்தால் சமாளிக்கிறார்கள். தங்க வயலை விட்டு விலகாத தொல்லை ஒன்று உண்டு: தங்கத்தைப் பிரிக்கப் பயன்பட்ட சயனைடு கலந்த கழிவு மண்மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசி இன்றும் வீடுகளுக்குள் வருகிறது.