செல்லை எண்ணத் தெரிய வேண்டும்: ஆண்டுத்தேர்வுக்கு முன் சில கேள்விகளும் பதில்களும்

டில்லிப் பள்ளிகளில் 9-ஆம் வகுப்புக்கும் 11-ஆம் வகுப்புக்கும் ஆண்டுத்தேர்வு நெருங்கிவிட்ட நிலையில், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பெற்றோரும் செல் பாடத்தைப் பற்றி அனுப்பியிருக்கும் கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். நான் உயிரியல் கற்பிப்பவள். செல்லின் அமைப்பு, சவ்வு, செல் பிரிதல் ஆகியவற்றை விளக்கமாகச் சொல்ல முடியும்; அவற்றுக்கு வெளியே உள்ளதை உரியவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

மயூர் விகார், 9-ஆம் வகுப்பு மாணவி: செல்லைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹூக்கா, லூவன்ஹூக்கா, மேடம்? இரண்டு கையேடுகளில் இரண்டு விதமாக இருக்கிறது.

கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார், அம்மா. ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டவை உயிரற்ற செல்களின் வெறும் சுவர்கள். உயிருள்ள செல்களை முதலில் கண்டவர் லூவன்ஹூக். உட்கருவுக்குப் பெயரிட்டு அது செல்களில் பொதுவாகக் காணப்படுவது என்று காட்டியவர் ராபர்ட் பிரவுன், 1831. தாவரங்களைப் பற்றி 1838-இல் ஷ்லைடனும், விலங்குகளைப் பற்றி 1839-இல் ஷ்வானும் சொன்னவை சேர்ந்து செல் கோட்பாடு ஆயின. ஆனால் புதிய செல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர்களிடம் சரியான விடை இல்லை. ஏற்கெனவே இருக்கும் செல்லிலிருந்துதான் வருகிறது என்று 1855-இல் விர்க்கோ வலியுறுத்திய பிறகே கோட்பாடு முழுமை பெற்றது. தேர்வில் மதிப்பெண் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான்.

ஆர்.கே. புரம், 11-ஆம் வகுப்பு மாணவன்: “யூகேரியோட்டிக் செல்கள் எல்லாவற்றிலும் உட்கரு உண்டு” என்று எழுதினேன். அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். இது நியாயமா, மேடம்?

நியாயம்தான். யூகேரியோட்டிக் என்பது சவ்வு சூழ்ந்த உட்கருவைக் கொண்ட செல் வகை என்றாலும், பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. பூக்கும் தாவரங்களில் உணவைக் கடத்தும் முதிர்ந்த சல்லடைக் குழாய்ச் செல்லிலும் இல்லை. பக்கத்திலிருக்கும் துணைச் செல்லின் உதவியால்தான் அது இயங்குகிறது. இதைப் படித்துவிட்டு “சிவப்பணுக்கள் எவற்றிலும் உட்கரு இல்லை” என்று எழுதிவிடாதே. கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு.

எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: செல் பாடத்தில் “எல்லா”, “மட்டும்”, “எப்போதும்” என்ற சொற்களை எழுதும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, விதிவிலக்கு ஒன்றாவது உண்டா என்று யோசியுங்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்தச் சொற்களில்தான்.

கரோல் பாக், ஒரு தாயார்: தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணையாகத் தர முடியுமா? மகள் மனப்பாடம் செய்துகொள்வாள்.

அட்டவணை உங்கள் மகளின் பாடநூலிலேயே இருக்கிறது. அதில் எங்கே வழுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். “தாவர செல்லில் பசுங்கணிகம் உண்டு” என்று படித்த பிள்ளை ஆய்வகத்தில் வெங்காயத் தோலை உரித்துப் பார்க்கிறது. ஒரு பசுங்கணிகம்கூடத் தெரிவதில்லை. தெரியாததில் வியப்பில்லை, ஏனெனில் நாம் உரிப்பது மண்ணுக்குள் உணவைச் சேமித்துவைக்கும் இலையின் தோல். வெயில் படாத அந்த இலை ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. அதுபோல, செல் சுவர் தாவரத்துக்கு மட்டும் உரியது அன்று: பூஞ்சைக்குக் கைட்டினால் ஆன சுவரும், பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குப் பெப்டிடோகிளைக்கானால் ஆன சுவரும் உண்டு. “மட்டும்” என்ற சொல்லைப் பற்றி மேலே எழுதியதை மகளிடம் படித்துக் காட்டுங்கள்.

ஜனக்புரி, 9-ஆம் வகுப்பு மாணவன்: மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்று எழுதினால் போதுமா?

ஒரு மதிப்பெண்ணுக்குப் போதும். மூன்று மதிப்பெண்ணுக்குப் போதாது. பட்டப்பெயரைச் சொல்வது விளக்கம் ஆகாது. குளுக்கோஸ் உடைவது சைட்டோபிளாசத்தில் தொடங்குகிறது. அங்கே உண்டான பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று ஆக்சிஜனின் துணையோடு முழுவதும் சிதைகிறது. வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி, செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் மூலக்கூறான ஏ.டி.பி.யாகச் சேர்த்துவைக்கப்படுகிறது. உட்சவ்வு மடிப்பு மடிப்பாக இருப்பதற்குக் காரணமும் இதுவே: ஏ.டி.பி.யை உண்டாக்கும் நொதிகள் அந்தச் சவ்வில் பதிந்திருப்பதால், பரப்பு கூடக் கூட வேலையும் கூடுகிறது. தாவர செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு என்பதை மறவாதே. பசுங்கணிகம் இருப்பதால் அது தேவையில்லை என்று எழுதுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பீதம்புரா, 11-ஆம் வகுப்பு மாணவி: ரியோ இலையைக் கொதிக்கவைத்துவிட்டு உப்புக் கரைசலில் போட்டால் ஏன் பிளாஸ்மோலிசிஸ் நடப்பதில்லை, மேடம்?

நல்ல கேள்வி. முதலில் கொதிக்கவைக்காத இலையைப் பார்ப்போம். ரியோ என்னும் அழகுச் செடியின் இலைக்கு அடிப்புறத் தோல் ஊதா நிறம். அந்த நிறம் செல்லுக்குள் சாறு நிறைந்த பையான வாக்குவோலில் இருப்பதால் சாயம் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. சிறு துண்டு உரித்துத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு செல்லிலும் ஊதா நிறம் சுவரின் மூலைவரை நிரம்பி நிற்கும். பிறகு கண்ணாடித் தட்டின் ஒரு பக்கம் அடர்ந்த உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, மறுபக்கம் வடிதாளால் தண்ணீரை உறிஞ்சியெடு. சில நிமிடங்களில் ஊதா நிறம் மூலைகளிலிருந்து விலகி நடுவே உருண்டு திரளும். சுவர் ஏறத்தாழ அப்படியே இருக்கும். நீர் வெளியேறியதால் உள்ளே இருப்பது சுருங்கி, சவ்வு சுவரைவிட்டுப் பிரிகிறது. அதுதான் பிளாஸ்மோலிசிஸ்.

சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் இடையே உண்டான வெளியில் என்ன இருக்கிறது என்பது தேர்வாளர்களுக்குப் பிடித்த கேள்வி. காற்று என்றும் வெற்றிடம் என்றும் எழுதுகிறார்கள். செல் சுவர் உப்பையும் நீரையும் தடுப்பதில்லை. ஆகவே அங்கே இருப்பது வெளியே நாம் விட்ட உப்புக் கரைசல்தான்.

கொதிக்கவைத்த இலையில் செல்கள் இறந்துவிட்டன. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தேர்ந்து கடத்தும் திறன் சவ்வுக்குப் போய்விட்டது. உப்பு தாராளமாக உள்ளே நுழைந்துவிடுவதால் உள்ளும் புறமும் செறிவு வேறுபாடு நிலைக்காது. அது இல்லாதபோது, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் நகரும் சவ்வூடு பரவலும் இல்லை. “செல் இறந்துவிட்டதால் நடக்கவில்லை” என்பதோடு நிறுத்தாமல், சவ்வு இழந்தது எதை என்பதையும் ஒரு வாக்கியம் எழுது.

லட்சுமி நகர், 9-ஆம் வகுப்பு மாணவி: மைட்டோகாண்ட்ரியாவை ஏன் ஆற்றல் நிலையம் என்கிறோம்?

ஜனக்புரி மாணவனுக்கு எழுதியதைப் பார்.

வசந்த் குஞ்ச், 11-ஆம் வகுப்பு மாணவன்: 50 எஸ்ஸும் 30 எஸ்ஸும் சேர்ந்தால் 80 தானே? பாக்டீரியாவில் புரதம் உண்டாக்கும் ரைபோசோமை ஏன் 70 எஸ் என்கிறார்கள்?

எஸ் என்பது எடையின் அளவு அன்று. அதிவேக மையவிலக்குக் கருவியில் துகள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதன் அளவு. அது எடையோடு வடிவத்தையும் பொறுத்தது. இரண்டு துணை அலகுகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது வடிவம் மாறுகிறது. ஆகவே எண்களைக் கூட்ட முடியாது. 60-உம் 40-உம் சேர்ந்து 80 ஆவதும் இப்படித்தான். “யூகேரியோட்டில் எப்போதும் 80 எஸ் மட்டும்” என்றும் எழுதாதே. பசுங்கணிகத்துக்குள் இருப்பவை 70 எஸ்.

துவாரகா, 11-ஆம் வகுப்பு மாணவி: வெங்காய வேர் நுனிச் செல்லில் 16 குரோமோசோம்கள். எஸ் நிலை முடிந்ததும் எத்தனை இருக்கும்? எங்கள் வகுப்பில் பாதிப்பேர் 16 என்கிறார்கள், பாதிப்பேர் 32 என்கிறார்கள்.

16. எஸ் நிலை என்பது பிரிதலுக்கு முன் டி.என்.ஏ. நகலெடுக்கும் கட்டம். அப்போது டி.என்.ஏ.வின் அளவு 2சி-யிலிருந்து 4சி ஆகிறது (இனப்பெருக்க செல் ஒன்றில் இருக்கும் அளவு 1சி); குரோமோசோம்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஒவ்வொரு குரோமோசோமும் இப்போது குரோமாட்டிட் எனப்படும் இரண்டு ஒத்த இழைகளைக் கொண்டது, அவ்வளவே. எண்ணும்போது அவை ஒட்டியிருக்கும் இடமான சென்ட்ரோமியரை எண்ணு. கடையில் இரட்டை வாழைப்பழத்தை ஒன்றாகத்தானே எண்ணுகிறார்கள்? ஒட்டியிருக்கும் வரை ஒன்று, பிரித்தபின் இரண்டு.

நொய்டா, ஒரு தந்தை: மன்னிக்க வேண்டும். என் மகனின் டியூஷன் ஆசிரியர் 32 என்றுதான் கற்பித்திருக்கிறார். டி.என்.ஏ. இரட்டித்துவிட்ட பிறகு ஒவ்வொரு குரோமாட்டிட்டிலும் ஒரு முழு டி.என்.ஏ. மூலக்கூறு இருக்கிறது. பிரிந்த பிறகு அதையே குரோமோசோம் என்கிறீர்கள். பொருள் மாறவில்லை, பெயர்தான் மாறுகிறது. நான் பொறியாளர், இது எனக்கு வெறும் வழக்கமாகத்தான் படுகிறது.

ஐயா, உங்கள் ஐயம் நேர்மையானது; ஆகவே விரிவாகவே பதில் சொல்கிறேன். எண்ணும் முறை ஒரு வழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது செல்லில் நடப்பதைத் தழுவி எழுந்த வழக்கம். எஸ் நிலையில் உண்டாகும் இரண்டு குரோமாட்டிட்களையும் கொஹீசின் என்னும் புரதம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. செல் பிரிதலின் நடுக்கட்டமான மெட்டாஃபேஸில் அவை செல்லின் நடுத்தளத்தில் ஓர் அலகாகவே வந்து நிற்கின்றன. அடுத்த கட்டமான அனாஃபேஸில் அந்தப் பிடி அறுபட்ட பிறகுதான் ஒவ்வொன்றும் தனித்து ஒரு துருவத்தை நோக்கி நகர்கிறது. எனவே எண்ணிக்கை மாறும் தருணம் டி.என்.ஏ. நகலெடுக்கும் எஸ் நிலை அன்று, சென்ட்ரோமியர் பிரியும் அனாஃபேஸ்.

மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று பல்லாண்டுகள் நம்பியிருந்தார்கள். 1956-இல் ஸ்வீடனின் லுண்டு நகரில் பணியாற்றிய ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் அது 46 என்று வெளியிட்டார்கள். கோல்சிசின் என்னும் மருந்தால் செல்களை மெட்டாஃபேஸில் நிறுத்தி, செறிவு குறைந்த கரைசலில் அவற்றைப் புடைக்கச்செய்து, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவி நிற்கும்படி செய்து எண்ணினார்கள். பீதம்புரா மாணவி கவனிக்க வேண்டும்: செல்லைப் புடைக்கச்செய்தது நீ கேட்ட அதே சவ்வூடு பரவல்தான். அவர்கள் எண்ணிய ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு குரோமாட்டிட்கள் இருந்தன. ஆனாலும் 92 என்று எழுதவில்லை, 46 என்றே எழுதினார்கள். நீங்கள் சொல்லும் முறைப்படி எண்ணினால், மனிதனுக்கு 46 என்று உலகமே சொல்லும் எண்ணையும் மாற்ற வேண்டிவரும்.

அதே தந்தை: 46 பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். அப்படியென்றால் அனாஃபேஸில் வெங்காய செல்லில் 32 இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அனாஃபேஸில் செல் இன்னும் இரண்டாகவில்லை. ஒரே செல்லுக்குள் 32 குரோமோசோம்கள் உள்ளன, டி.என்.ஏ. 4சி. செல் இரண்டான பிறகு ஒவ்வொன்றிலும் 16, 2சி. டியூஷன் ஆசிரியர் அனாஃபேஸை மனத்தில் கொண்டு சொல்லியிருந்தால் அது சரி. கேள்வி எஸ் நிலையைப் பற்றியது என்றால் விடை 16. மகனிடம் கேள்வித்தாளில் எந்த நிலை குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை அடிக்கோடிட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

ரோகிணி, 11-ஆம் வகுப்பு மாணவன்: எந்தெந்தக் கேள்விகள் வரும் என்று சொல்ல முடியுமா? நீட் தேர்வில் எத்தனை மதிப்பெண் போதும்?

முதலாவதைச் சொல்வது என் வேலை அன்று. இரண்டாவதை உன் பள்ளியில் வழிகாட்டும் ஆசிரியரிடம் கேள்.

பெயர் குறிப்பிட வேண்டாம் என்றவர்: பாட்டிக்குப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். செல் பிரிதல் பாடத்தைப் படித்தால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று புரியுமா?

கட்டுப்பாடு இழந்து செல்கள் பிரிந்துகொண்டே இருப்பது புற்றுநோய் என்பதும், சில மருந்துகள் பிரியும் செல்லையே தாக்குகின்றன என்பதும் பாடத்திலிருந்து உனக்குப் புரியும். பாட்டிக்கு எந்த மருந்து, ஏன் என்பதை அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். தயங்காமல் அவரிடம் கேள். பாட்டி நலம்பெற வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

முனிர்கா, 9-ஆம் வகுப்பு மாணவன்: ஆற்றல் நிலையம் என்றால் மைட்டோகாண்ட்ரியா மட்டும்தானா?

மேலே இரண்டு இடங்களில் பதில் இருக்கிறது. “மட்டும்” என்ற சொல்லைப் பற்றியும் இருக்கிறது. படித்துவிட்டு, புரியாத வரி எது என்று எழுது. அந்த வரிக்குப் பதில் தருகிறேன்.

துவாரகா மாணவி மீண்டும்: மேடம், 16–32 கணக்கு புரிந்துவிட்டது. மியாசிஸுக்கும் இதே முறைதானா?

குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிதலான மியாசிஸுக்கும் இதே முறைதான், சென்ட்ரோமியரை எண்ணுவதை விடாதே. வெங்காயப் பூவின் மகரந்தப்பையில் மியாசிஸைத் தொடங்கும் செல்லில் 16 குரோமோசோம்கள், 4சி. முதல் பிரிவில் சென்ட்ரோமியர் பிரிவதில்லை, இணை குரோமோசோம்களே ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஆகவே ஒவ்வொரு செல்லுக்கும் 8, ஆனால் ஒவ்வொன்றிலும் இன்னும் இரண்டு குரோமாட்டிட்கள் இருப்பதால் டி.என்.ஏ. 2சி. இரண்டாம் பிரிவில்தான் சென்ட்ரோமியர் பிரிகிறது. முடிவில் நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் 8, 1சி. எண்ணிக்கை பாதியாவது முதல் பிரிவில் என்பதை இதிலிருந்தே காணலாம்.

இப்போது மனித செல்லுக்கு நீயே போட்டுப் பார்: மியாசிஸின் இரண்டாம் மெட்டாஃபேஸில் ஒரு செல்லில் குரோமோசோம்கள் 23, குரோமாட்டிட்கள் 46, டி.என்.ஏ. 2சி என்று வந்தால் உன் கணக்கு சரி. 46 குரோமோசோம்கள் என்று வந்தால் குரோமாட்டிட்டை எண்ணியிருக்கிறாய். துவாரகா, நொய்டா பதில்களை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு வா.