அச்சுக் கண்ணாடி: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவின் பழைய அச்சுக் கண்ணாடிப் பாத்திரங்களை, அதாவது அச்சில் அழுத்திச் செய்தவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். என்ன விலை போகும் என்று கேட்டவர்களை விட்டுவிட்டேன்.

கே: நடுத்தர வீட்டுக்குள் இது எப்படி வந்தது?

ப: அதுவரை வேலைப்பாடு வேண்டுமென்றால், சுழலும் சக்கரத்தில் ஒவ்வொரு கோடாக வெட்ட வேண்டும். பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 1820களில் நிலைமை மாறியது. உருகிய கண்ணாடியை அச்சுக்குள் விட்டு, கத்தரியால் நறுக்கி, லீவரை இழுத்துத் தண்டை இறக்கினால் கிண்ணம் பூவேலையோடு வெளியே வரும். 1825இல் டெமிங் ஜார்வ்ஸ் மாசசூசெட்ஸின் சாண்ட்விச் ஊரில் தொடங்கிய ஆலை இதில் பேர்பெற்றது. அச்சில் சூடு போதாவிட்டால் கண்ணாடி மங்கும். கத்தரித்த தழும்பும் தெரியும். அதை மறைக்கத்தான் 1830களின் தட்டுகளில் பின்னணி முழுக்கப் பொடிப் புள்ளிகள். குறையை மறைக்கப் போட்டது, அதற்கே கிராக்கி வந்துவிட்டது.

கே: உள்ளங்கையளவு தட்டு எதற்கு?

ப: கப் பிளேட். தேநீரைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடிப்பார்கள். ஈரக் கப் மேசையைக் கறையாக்காமல் இருக்க இது. நம் டபராவுக்குத் தூரத்துச் சொந்தம்.

கே: சக்கரத்தில் வெட்டிய கட் கிளாஸா, அச்சா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: வெட்டிய விளிம்பு விரலில் கூராகப் படும், அச்சில் வந்தது மழுங்கலாக இருக்கும். பார்த்த பிறகு வெந்நீரில் கழுவாதீர்கள், விரிசல் விடும்.

கே: டிஷ்வாஷரில் போடலாமா?

ப: கூடாது.

கே: ஜார்வ்ஸ்தானே இதைக் கண்டுபிடித்தார்?

ப: இல்லை. அவர் ஆலை தொடங்கிய அதே 1825இல் பிட்ஸ்பர்க்கின் கண்ணாடித் தயாரிப்பாளர் பேக்வெல், இழுப்பறைக் குமிழ்களை அழுத்திச் செய்யக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

கே: உங்கள் முதல் பதிலே தப்பு. விலையைக் குறைத்தது அச்சு அல்ல, சோடாக் கண்ணாடி.

ப: சரி, வாருங்கள். 1864இல் வீலிங் ஊரில் வில்லியம் லைட்டன், அதுவரை கண்ணாடியில் கலந்த ஈயத்தை விட்டுவிட்டு, சோடாவும் சுண்ணாம்பும் கலந்த கண்ணாடியைத் தெளிவாக எடுத்தார். விலை சரிந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 1850களிலேயே அச்சில் செய்த சர்க்கரைக் கிண்ணம், வெண்ணெய்த் தட்டு, ஸ்பூன் ஜாடி என்று ஒரே வடிவத்தில் செட்டாக விற்றார்களே?

கே: (அவரே) கூலிக்காரர் வாங்கினாரா?

ப: கூலிக்காரர் என்று யார் சொன்னது? நான் சொன்னது நடுத்தர வீடு, அதாவது குமாஸ்தா, கடைக்காரர் வீடு. கூலிக்காரர் வீடுவரை போன பெருமை உங்கள் சோடாவுக்குத்தான், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: தட்டினால் மணியோசை வருகிறது. பழசா?

ப: ஈயம் இருக்கிறது, அவ்வளவுதான். புதுசிலும் அப்படி ஒலிக்கும். ஈயம் இறங்கும், ஊறுகாய் போட்டு வைக்காதீர்கள்.

கே: டிஷ்வாஷரில், சூட்டைக் குறைத்து வைத்தால்?

ப: கூடாது என்றேனே!