போலோவின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணைய ஏலத்தில் பழைய பிலிப்பைன்ஸ் போலோ கத்தி ஒன்று வாங்கினேன். அலகு ஒன்றரை அடி இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. எருமைக்கொம்புப் பிடியை வாய் பிளந்த மிருகத் தலையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் 1907ஆம் வருட வெள்ளிக் காசு ஒன்று பதித்திருக்கிறது. ‘மோரோ போர்க்கத்தி, 1896 புரட்சிக் காலம்’ என்று விற்றவர் எழுதியிருந்தார். நம்பலாமா? துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

வ.ம., சிங்கப்பூர்

அன்புள்ள வ.ம.,

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

மோரோ என்று எழுதினால் நல்ல விலை போகும், அவ்வளவுதான். மோரோக்கள் தெற்கே மிந்தனாவோ, சூலு பகுதி முஸ்லிம்கள். பாரோங், கிரிஸ், கம்பிலான் என்ற கத்திகள் எல்லாம் அவர்களுடையவை. நீங்கள் சொல்லும் ஒருபக்கச் சரிவும் கொம்புத் தலையும் நடுவிலுள்ள விசாயா தீவுகளுக்கு உரியவை. பனாய் பக்கம் இந்த வகையைத் தாலிபோங், தெனேக்ரே என்பார்கள். அந்தத் தலை, அங்கத்திய கதைகளில் நிலாவை விழுங்கும் பக்குனாவா என்ற பாம்பாக இருக்கக்கூடும்.

அலகின் வடிவத்தை மட்டும் பார்த்து வருடம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அப்பன் அடித்த வடிவத்தையே மகனும் அடித்திருப்பான். கிராமத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் முத்திரையும் குத்துவதில்லை. அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த போலோக்களில் வருடம் பொறித்திருக்கும். அது வேறு சாதி.

உங்கள் காசு, பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்தபோது அடித்ததாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் கழுகும் மறுபக்கம் பட்டறைக் கல், சுத்தியல், புகையும் மாயோன் எரிமலையும் தெரிகின்றனவா பாருங்கள். அப்படியானால் இந்தப் பிடி இன்றுள்ள கோலத்துக்கு வந்தது 1907க்குப் பிறகுதான். அலகு அதற்கு மூத்ததாக இருக்கலாம். பிடி உடைந்தால் மாற்றுவார்கள், நல்ல அலகை யார் எறிவார்கள்? காசைப் பின்னால் யாராவது அழகுக்காகப் பதித்திருக்கவும் கூடும். அதன் விளிம்பில் கொம்பு புதிதாய் வெட்டியதுபோல் வெளுத்துத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு கோடு ஓடினால், கடின எஃகையும் மென்இரும்பையும் உலையில் சேர்த்து அடித்த பழைய வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜீப், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவற்றில் அந்தக் கோடு இருக்காது. பீரங்கிக் குண்டின் பித்தளை உறையை வெட்டிய பூண், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிடி, ‘1945’ என்ற பொறிப்பு இருந்தால் சிப்பாய்களுக்கு விற்ற நினைவுப்பொருள் என்று கொள்ளலாம். அதுவும் இன்று பழம்பொருள்தான், மட்டமாக நினைக்க வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்காக ஹெர்பர்ட் க்ரீகர் 1926இல் வெளியிட்ட பிலிப்பைன்ஸ் ஆயுதப் பட்டியலைத் தேடுங்கள். அதிலுள்ள கத்திகள் எல்லாம் அந்த வருடத்துக்கு முந்தியவை என்பதில் சந்தேகமே இல்லை. விற்பவர் சொல்லும் கதைக்கு அந்த உறுதி கிடையாது.

துருவுக்கு மெஷின் எண்ணெய் தொட்ட துணி போதும். உப்புத்தாள் போட்டால் நான் சொன்ன கோடும் போய்விடும். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தை, பூணோடு சேர்த்து, கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள். உறை இருந்தால் அதையும்.