கண்ணாடி போட்டவருக்கு எந்த ஹெட்ஃபோன்?

கேள்வி: நான் கண்ணாடி அணிபவன். தினமும் நாலைந்து மணி நேரம் ஹெட்ஃபோன் காதில் இருக்கும். பாதி நேரம் பாட்டு, பாதி நேரம் அலுவலக அழைப்புகள். மூன்று வருடத்தில் இரண்டு ஹெட்ஃபோன்கள் போய்விட்டன. ஒன்றில் குஷன் தோல் உரிந்து உதிர்ந்தது, இன்னொன்றில் ஒரு பக்கம் கேட்கவில்லை. ஒலி நன்றாக இருக்க வேண்டும், காது வலிக்கக் கூடாது, சீக்கிரம் கெடக் கூடாது. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: எண்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் குஷனைப் பாருங்கள். காதைச் சுற்றி உட்காரும் அந்த மெத்தையைத்தான் சொல்கிறேன். நீங்கள் கேட்ட மூன்று விஷயங்களிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வாங்குபவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்.

காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனில் குஷன், கன்னம், காது எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன மூடிய அறை. பேஸ் என்னும் தாழ்ந்த, கனத்த ஒலி அந்த அறைக்குள் எழும் காற்றழுத்தத்தால்தான் நமக்குக் கேட்கிறது. எங்காவது இடைவெளி இருந்தால் அழுத்தம் ஒழுகிவிடும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது இல்லையா, அதே கதைதான். கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்கிப் பிடிக்கிற இடம் அந்த இடைவெளி. மிருதங்கத்தில் வலப் பக்கமான வலந்தலையின் சொற்கள் பளிச்சென்று கேட்கும், இடப் பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி மட்டும் எங்கோ காணாமல் போயிருக்கும். 'இந்த ஹெட்ஃபோனில் பேஸ் இல்லை' என்று புகார் சொல்லும் கண்ணாடிக்காரர்கள் பலருக்கு ஹெட்ஃபோனில் கோளாறே இருக்காது.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். கண்ணாடியைக் கழற்றாமல் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, நீங்கள் நூறு தடவை கேட்ட ஒரு பாட்டை ஓட விடுங்கள். இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால் ஒழுகல் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய மாற்றம் இல்லையென்றால் அந்தக் குஷன் உங்கள் முகத்துக்கும் கண்ணாடிக்கும் ஒத்துப்போகிறது. தடிமனான, அழுத்தினால் மெதுவாக எழும் மெமரி ஃபோம் குஷன் கண்ணாடிக் காம்பைச் சுற்றிப் படிந்துகொள்ளும். அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது மெல்லிய காம்பாகப் பார்த்து எடுங்கள், அதுவே பாதித் தொல்லையைக் குறைத்துவிடும்.

காது வலிப்பதற்கும் இதே இடம்தான் காரணம். பிடிப்பு அதிகமுள்ள ஹெட்ஃபோன் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே எலும்போடு வைத்து நசுக்கும். கடையில் போட்டுப் பார்க்கும் இரண்டு நிமிடத்தில் இது தெரியாது, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால் குறைந்தது இருபது நிமிடமாவது போட்டுப் பாருங்கள். அதற்கு வழியில்லை என்றால், திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் இடத்தில் வாங்குங்கள். குஷனின் உள்வட்டத்தில் காது மடல் முழுசாக அடங்க வேண்டும். ஆழமும் முக்கியம். மடல் நுனி உள்ளே இருக்கும் துணியில் உரசினால் அரை மணி நேரத்தில் காது சிவந்துவிடும். நாலைந்து மணி நேரம் அணிபவர் என்பதால் எடை 300 கிராமுக்குள் இருக்கட்டும். எடை கூடக் கூட உச்சந்தலையில் ஒரே புள்ளியில் வலிக்க ஆரம்பிக்கும்.

பிடிப்பு கொஞ்சம்தான் அதிகம், மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது என்றால் அதற்காக ஒதுக்க வேண்டாம். தலைக்கு மேல் வரும் பட்டை எஃகாக இருந்தால், தலை அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க அதன் மேல் மாட்டி வைத்தால் கொஞ்சம் தளரும். பிளாஸ்டிக் பட்டையில் இதைச் செய்யாதீர்கள், உடையும்.

சரி, உதிர்ந்த தோலுக்கு வருவோம். அது அநேகமாகத் தோலே இல்லை. துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலாக இருக்கும். வியர்வையும் ஈரக்காற்றும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு சிதைகிறது. பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில வருடங்களில் உதிரக்கூடியதுதான். கழுத்துப் பட்டையிலும் காதோர முடியிலும் கறுப்புத் துகள் ஒட்டியிருந்திருக்குமே, அது இந்தப் பூச்சுதான். வெல்வெட் மாதிரியான துணிக் குஷன் உரியாது, காதும் அவ்வளவாக வேகாது. ஆனால் அது வியர்வையைக் குடிக்கும், வெளிச்சத்தத்தை உள்ளே விடும், பேஸ் கொஞ்சம் குறையும்.

எந்தக் குஷனும் ஒருநாள் போகத்தான் போகிறது. ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி, இந்த மாடலுக்கு மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம். சோனியின் எம்டிஆர்-7506 ஒலிப்பதிவுக் கூடங்களில் 1991 முதல் உழைக்கிறது. அதன் குஷனும் உரியத்தான் செய்யும், புதுசு வாங்கி மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். சென்ஹைசரின் எச்டி 600 வந்தது 1997-இல். குஷன், கேபிள், தலைப்பட்டை மெத்தை என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். உங்கள் வேலைக்கு இவை பொருந்தும் என்று சொல்லவில்லை. எச்டி 600 திறந்த வகை, நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். நீடித்து உழைப்பது எப்படி இருக்கும் என்பதற்காகச் சொன்னேன். குஷன் மாற்றும்போது கூடுமானவரை அதே நிறுவனத்தின் குஷனையே வாங்குங்கள். தடிமனும் பொருளும் மாறினால் ஒலியும் மாறிவிடும்.

இப்போது எண்கள். '10 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று ஒலியின் அதிர்வு வீச்சைச் சொல்வதைக் கண்டுகொள்ளாதீர்கள். மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20 முதல் 20,000 வரை, வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். அந்த வீச்சுக்குள் எது தூக்கலாக, எது அமுங்கிக் கேட்கிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதும் தரத்தைச் சொல்லாது. பார்க்க வேண்டிய எண் இம்பீடன்ஸ், அதாவது ஹெட்ஃபோன் மின்சாரத்துக்குக் காட்டும் தடை; ஓம் கணக்கில் போட்டிருக்கும். போனிலும் லேப்டாப்பிலும் நேராகச் செருகுவதற்கு 16 முதல் 80 ஓம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று வருகிறது. தெரியாமல் 250 ஓம் வாங்கி போனில் செருகியவர், சத்தம் போதவில்லை என்று அதன் மேல்தான் பழி போடுவார்.

இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சத்தம் ஒரு இம்மி கூடுதலாக உள்ளதுதான் 'நல்ல ஒலி' போலத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பாடகரின் குரலைக் கேளுங்கள். தெரிந்த குரல் மூக்கடைத்தது போலவோ 'ஸ'கரம் ஊசியாகவோ கேட்டால் வேண்டாம். தினமும் இவ்வளவு நேரம் கேட்பவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம்.

புளூடூத்தா, வயரா? உங்களுக்கு வயர்தான் என்பேன். புளூடூத் ஹெட்ஃபோனின் மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு பெரும்பாலும் பேச்சுக்கான முறைக்கு மாறி, ஒலி மோனோவாகிச் சுருங்கிவிடும். அழைப்பின் நடுவே பாட்டோ வீடியோவோ பழைய டெலிபோனில் வருவது போலக் கேட்பது அதனால்தான். பேட்டரியும் இரண்டு மூன்று வருடத்தில் தளரும், பல மாடல்களில் அதை மாற்றுவது லேசில் ஆகாது. வயர் இல்லாததுதான் வேண்டும் என்றால், பேட்டரி தீர்ந்த பிறகும் கேபிள் செருகிக் கேட்கக்கூடியதாக வாங்குங்கள். அழைப்பின்போது லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மேலே சொன்ன சுருக்கம் வராது.

மொத்தத்தில் நீங்கள் தேட வேண்டியது இது: மூடிய வகை, 300 கிராமுக்குள், ஆழமான மெமரி ஃபோம் குஷன், தனியாக விற்கும் மாற்றுக் குஷன், கிண்ணத்திலிருந்து கழற்றக்கூடிய கேபிள். கேபிள் சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் செருகுவதாக இருந்தால் ரொம்ப நல்லது, எங்கேயும் மாற்று கிடைக்கும். பூட்டு போட்டது போன்ற விசேஷ ஜாக் என்றால், அந்தக் கேபிளும் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை மடக்கும் இணைப்பில் உலோகம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது பிளாஸ்டிக்காக இருந்தால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

ஒரு பக்கம் கேட்காமல் போன அந்தப் பழைய ஹெட்ஃபோன் வயர் உள்ளதுதானே? இன்னும் கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பாட்டை ஓட விட்டு, போனில் செருகும் பின்னுக்கு அருகே வயரை இப்படியும் அப்படியும் வளையுங்கள். பிறகு கிண்ணத்துக்குள் வயர் நுழையும் இடத்திலும் அதேபோல் வளைத்துப் பாருங்கள். எங்காவது கரகரவென்று ஒலி வந்து வந்து போனால், டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரே இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. அறுந்த துண்டை வெட்டிவிட்டுப் புதுப் பின் வைத்துப் பற்றவைப்பது, ஒலிச் சாதனம் பழுது பார்ப்பவருக்கு கால் மணி நேர வேலை.