"கைட்லைன்படி தேவையில்லை" என்று எக்ஸ்ரே எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். புத்தகத்தைப் பார்த்தா வைத்தியம் செய்வது?

கணுக்கால் பிசகி, நன்றாக வீங்கியிருந்தும் அவசர சிகிச்சைப் பிரிவில் எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்தப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன்தான். உங்கள் காலைப் பார்க்காமல் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைப் பார்த்த மருத்துவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று ஊகிக்க முடிகிறது.

ஒட்டாவா கணுக்கால் விதிகள் என்று ஒன்று உண்டு. கனடாவில் இயன் ஸ்டீல் என்ற அவசர மருத்துவரும் அவர் குழுவினரும் 1992-ல் வெளியிட்டது. கணுக்காலின் இரு பக்கமும் புடைத்துத் தெரியும் எலும்பின் நுனியிலும், அங்கிருந்து 6 சென்டிமீட்டர் மேலே வரை அதன் பின் விளிம்பிலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நடுப்பாதத்தில் வலி இருந்தால் அங்கேயும் இரண்டு இடங்களை அழுத்த வேண்டும். அப்புறம், அடிபட்ட உடனேயோ மருத்துவமனையிலோ நான்கு எட்டு நடக்க முடிந்ததா என்று பார்க்க வேண்டும். நொண்டி நொண்டி நடந்தாலும் நடந்ததுதான். அந்த இடங்களில் வலி இல்லை, நடக்கவும் முடிகிறது என்றால் எக்ஸ்ரே வேண்டாம்.

கவனித்தீர்களா, இதில் வீக்கத்துக்கு இடமே இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் வீக்கத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் வெறும் தசைநார் காயத்திலும் கால் பந்து போல வீங்கும். இந்த விதிகளைச் சோதித்த பல ஆய்வுகளை 2003-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரையும் இவை பிடித்துவிடுகின்றன, தேவையில்லாத எக்ஸ்ரேயும் 30 முதல் 40 சதவீதம் வரை குறையும் என்று தெரிந்தது. ஆக, உங்களுக்கு எக்ஸ்ரே எடுக்காததும் ஆதாரத்தின் மேல் எடுத்த முடிவாகவே இருக்கலாம். விரலால் அழுத்திப் பார்க்காமலே அப்படிச் சொல்லியிருந்தால் அது வேறு கதை, அது கைட்லைனும் ஆகாது.

அனுபவத்துக்கு இதில் வேலை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. குடித்திருப்பவர், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர், இன்னொரு காயத்தின் வலியில் துடிப்பவர், இவர்களிடம் "இங்கே வலிக்கிறதா?" என்று கேட்டு வரும் பதிலை நம்ப முடியாது. விதி யாருக்குப் பொருந்தாது என்று கண்டுகொள்ள ஆள்தான் வேண்டும்.

எல்லா வழிகாட்டுதலும் இவ்வளவு உறுதியானது என்று சொல்ல வரவில்லை. 2001-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரே மருத்துவமனையில், கடுமையான செப்சிஸ் (நோய்த்தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) வந்த 263 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. பெரிய ரத்தக்குழாயில் சிறப்புக் குழாய் செருகி, முதல் ஆறு மணி நேரம் குறிப்பிட்ட அளவீடுகளை எட்டும்வரை தீவிரமாகச் சிகிச்சை கொடுத்தார்கள். இறப்பு 46.5 சதவீதத்திலிருந்து 30.5 ஆகக் குறைந்தது. உலகம் முழுக்க அது நடைமுறைக்கு வந்தது. 2014, 2015-ல் மூன்று பெரிய ஆய்வுகள் அதையே மறுபடி சோதித்தபோது, வழக்கமான சிகிச்சைக்கும் இதற்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பது, சீக்கிரம் ஆன்டிபயாடிக் கொடுப்பது எல்லாம் அதற்குள் வழக்கமான சிகிச்சைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தன. அந்தக் கெடுபிடி நடைமுறையும் பரிந்துரையிலிருந்து போய்விட்டது. "அன்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார்களே" என்று சிலருக்கு இதில் எரிச்சல். எனக்கென்னவோ, மாறவே மாறாத கைட்லைனைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும்.

இன்னொன்று, ஒரு இடத்தில் பலித்தது பக்கத்து இடத்தில் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை விபத்தில் ரத்தம் கொட்டுபவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும் என்று 2010-ல் 20,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தவர்களுக்குத் தீங்கே தெரிந்தது. குடல், இரைப்பை ரத்தக்கசிவுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. பலன் இல்லை.

சரி, உங்கள் கால். ஐந்து முதல் ஏழு நாள் கழித்தும் ஊன்றி நடக்க முடியாவிட்டால் திரும்பிப் போய்க் காட்டுங்கள். பாதம் மரத்துப்போனாலோ, வெளுத்துச் சில்லென்று ஆனாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே போங்கள்.